லேப்டாப்பை இரவல் கொடுக்கும்போது நம் ஃபைல்களை என்ன செய்வது?

கேட்டிருப்பவரின் நிலைமை இது. அத்தை மகன் கல்லூரி புராஜெக்ட் வேலைக்காக இரண்டு வாரம் வீட்டில் வந்து தங்கப் போகிறான். "மச்சான், உங்க லேப்டாப் வேணும்" என்று பஸ் ஏறுவதற்கு முன்பே சொல்லிவிட்டான். அதில் சம்பளச் சீட்டு, வீட்டுக் கடன் காகிதங்கள், மனைவியின் மருத்துவ ரிப்போர்ட், வேறு கம்பெனிக்குப் போட்ட விண்ணப்பம், கொஞ்சம் சொந்தப் படங்கள் எல்லாம் இருக்கின்றன. முடியாது என்று சொல்ல வழியில்லை. ஃபைல்களை எப்படி மறைப்பது? விண்டோஸ் 11, ஹோம் பதிப்பு.

அலுவலகங்களில் சிஸ்டம் பார்ப்பதுதான் பல வருடமாக என் வேலை. இந்தக் கேள்வி மாதத்துக்கு ஒருமுறையாவது, பெரும்பாலும் குரலைத் தாழ்த்திக்கொண்டு, என்னிடம் வரும். நான் சொல்லும் பதில்: மறைக்காதீர்கள். அவனுக்குத் தனி லாகின் போட்டுக் கொடுங்கள். அவ்வளவுதான். ஆனால் இதைச் செய்பவர்களும் இரண்டு மூன்று இடத்தில் கோட்டை விடுகிறார்கள், அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில், மறைப்பது ஏன் வேண்டாம். ஃபோல்டரில் ரைட் கிளிக் செய்து புராப்பர்டீஸில் 'ஹிடன்' என்று டிக் போட்டால் ஃபோல்டர் கண்ணிலிருந்து போய்விடும். ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் மேலே 'வியூ', அதில் 'ஷோ', அதில் 'ஹிடன் ஐட்டம்ஸ்' என்று தொட்டால் திரும்ப வந்துவிடும், லேசாக மங்கிய நிறத்தில். கல்லூரிப் பையன் ஏற்கெனவே தன் மெஷினில் அதைப் போட்டுத்தான் வைத்திருப்பான். விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் லினக்ஸ் என்ற இன்னொரு ஆபரேட்டிங் சிஸ்டத்தில், பெயருக்கு முன்னால் ஒரு புள்ளி வைத்தால் ஃபைல் மறையும். அது யாரும் யோசித்துச் செய்த ஏற்பாடுகூட இல்லை. லினக்ஸுக்கு முன்னோடியான யூனிக்ஸின் ஆரம்ப நாட்களில், ஒற்றைப் புள்ளி, இரட்டைப் புள்ளி என்ற இரண்டு பெயர்களைப் பட்டியலில் காட்டாமல் இருக்க எழுதிய குறுக்குவழியில், புள்ளியில் தொடங்கும் எல்லாப் பெயருமே விடுபட்டுப் போயின என்று, யூனிக்ஸ் குழுவில் வேலை செய்த ராப் பைக் 2012-ல் எழுதினார். காவலுக்கென்று பிறந்தது அல்ல அது.

பாஸ்வேர்டு கேட்கும் 'லாக்கர்' பேட் ஃபைல் (விண்டோஸுக்கான கட்டளைகளை வரிசையாக எழுதிய ஃபைல்) ஒன்று பல வருடமாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. 'சாஃப்ட்வேர் இல்லாமல் ஃபோல்டரைப் பூட்டுவது எப்படி' என்று தேடினால் அதுதான் வரும். நோட்பேடில் ஒட்டி, சேவ் செய்து, டபுள் கிளிக் செய்தால் கறுப்புத் திரை வந்து பாஸ்வேர்டு கேட்கும். பார்க்கப் பெரிய வித்தை மாதிரி இருக்கும். ஒரு காலத்தில் நானும் அதை வைத்திருந்தேன். ஒரு மே மாதம் அண்ணன் மகன் வந்தான், அப்போது ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தான். நான் குளித்துவிட்டு வருவதற்குள், "சித்தப்பா, உங்க பாஸ்வேர்டு சித்தி பேரா?" என்று கேட்டான். அந்த பேட் ஃபைலை ரைட் கிளிக் செய்து 'எடிட்' கொடுத்திருக்கிறான். பாஸ்வேர்டு அதற்குள்ளேயே, படிக்கும்படி எழுதித்தான் இருக்கும். உள்ளே நடப்பதும் பெரிய காரியமில்லை. ஃபோல்டரின் பெயரோடு கன்ட்ரோல் பேனலுக்கு உரிய ஒரு நீளக் குறியைச் சேர்த்து, ஹிடன் என்று குறித்துவிடுகிறது. கதவைப் பூட்டிச் சாவியை மிதியடிக்கு அடியில் வைத்த கதை.

இதைவிட எனக்குப் பெரியதாகப் படுவது ஃபைல் விட்டுச்செல்லும் தடயம். எங்கள் அலுவலகத்தில் ஒருவருடைய லேப்டாப்பை மீட்டிங்குக்காக இன்னொருவர் இரவல் வாங்கிப் போனார். கொடுத்தவர் கெட்டிக்காரர். சொந்த ஃபைல்களை ஐந்து ஃபோல்டருக்கு உள்ளே தள்ளி, ஹிடன் போட்டு, ஃபோல்டருக்கு 'டிரைவர் பேக்கப்' என்று பெயரும் வைத்திருந்தார். புரொஜெக்டர் இணைத்தாயிற்று, வேர்டைத் திறந்தாயிற்று. சுவரில் ரீசென்ட் பட்டியலின் முதல் வரி: 'ரிசிக்னேஷன் லெட்டர் ஃபைனல் 2'. அறையில் மேனேஜர் உட்படப் பத்துப் பேர். யாரும் ஒன்றும் பேசவில்லை. அந்த ஃபைலை யாரும் திறக்கவும் இல்லை. திறந்து பார்க்க அதில் என்ன இருக்கிறது?

இப்படி நம் ஃபைலின் பெயரைச் சொல்லிவிடுகிற இடங்கள் நிறைய. வேர்டு, எக்செல், பிடிஎஃப் ரீடர் ஒவ்வொன்றிலும் ரீசென்ட் பட்டியல். எக்ஸ்ப்ளோரரைத் திறந்ததும் வரும் பக்கம். டாஸ்க்பாரில் ஐகானை ரைட் கிளிக் செய்தால் வரும் சிறு பட்டியல். ஸ்டார்ட் மெனுவில் நாலு எழுத்து அடித்தால் வரும் தேடல். வீடியோ பிளேயரின் ஹிஸ்டரி. படங்களுக்கு விண்டோஸ் எடுத்து வைக்கும் சிறு பிரதிகளின் கிடங்கு வேறு. ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தால் பொழுது விடிந்துவிடும், துடைத்தது போக ஒன்று மிஞ்சியும் இருக்கும்.

எல்லாவற்றுக்கும் மேலே பிரவுசர். உங்கள் குரோமில் ஜிமெயில் திறந்தபடியே இருக்கிறது. போட்டோஸ், டிரைவ் எல்லாம் அதே லாகின்தான். சேவ் செய்த பாஸ்வேர்டைப் பார்க்கப் போனால் குரோம் பின் நம்பர் கேட்கும், உண்மைதான். ஆனால் அவனுக்குப் பாஸ்வேர்டு எதற்கு, மெயில்தான் ஏற்கெனவே திறந்து கிடக்கிறதே. வாட்ஸ்அப் லேப்டாப்பில் இணைந்திருந்தால் அவன் கண்ணெதிரேயே மெசேஜ் வந்து விழும். ஃபைலை ஒளித்துவிட்டு இதை மறந்தவர்களை நான் எண்ணிப் பார்த்ததில்லை, ஆனால் அவர்கள்தான் அதிகம்.

தனி அக்கவுன்ட் இத்தனையையும் ஒரே வெட்டில் தீர்த்துவிடுகிறது. அவன் லாகினில் உங்கள் ரீசென்ட் பட்டியல் இல்லை, உங்கள் குரோம் இல்லை, உங்கள் டெஸ்க்டாப் இல்லை. புது மெஷின் வாங்கியது போல வெறுமையாக இருக்கும். ஹோம் பதிப்பிலும் இது உண்டு, பைசா செலவில்லை. முன்பு விண்டோஸில் 'கெஸ்ட்' என்று ஓர் அக்கவுன்ட் தயாராகவே இருந்தது. 2015-ல் விண்டோஸ் 10 வந்தபோது அதை எடுத்துவிட்டார்கள், அதனால் நாமே உருவாக்க வேண்டும்.

செட்டிங்ஸில் 'அக்கவுன்ட்ஸ்', அதில் 'அதர் யூசர்ஸ்', அங்கே 'ஆட் அக்கவுன்ட்'. உடனே அவனுடைய மெயில் ஐடி கேட்கும். கொடுக்க வேண்டாம். கீழே, இவருடைய சைன்-இன் விவரம் என்னிடம் இல்லை என்று சொல்லும் நீல எழுத்து வரி இருக்கும், அதைத் தொடுங்கள். அடுத்த பக்கத்தில் மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட் இல்லாமல் சேர்ப்பதற்கு ஒரு வரி இருக்கும், அதையும் தொடுங்கள். பெயர் கேட்கும். 'கெஸ்ட்' என்று போட்டால் ஏற்காது, அந்தப் பெயரை விண்டோஸ் தனக்கென்று வைத்துக்கொண்டிருக்கிறது. பெயரை ஆங்கில எழுத்திலேயே கொடுங்கள். தமிழில் கொடுத்தாலும் எடுத்துக்கொள்ளும், ஆனால் அதே பெயரில் ஃபோல்டர் உருவாகும், சில பழைய சாஃப்ட்வேர்கள் அந்த ஃபோல்டரைப் பார்த்துத் திணறும். தமிழ்ப் பற்றால் ஒருமுறை நான் பட்டிருக்கிறேன். பாஸ்வேர்டு கட்டத்தைக் காலியாக விட்டால் மூன்று ரகசியக் கேள்விகள் கேட்காது. வைப்பதும் விடுவதும் அவன் விருப்பம்.

அக்கவுன்ட்டின் வகை 'ஸ்டாண்டர்டு யூசர்' என்று இருக்க வேண்டும். தானாக அப்படித்தான் வரும், மாற்றாமல் இருந்தால் போதும். அட்மினிஸ்டிரேட்டர் ஆக்கிவிட்டால் என்ன நடக்கும் தெரியுமா? உங்கள் ஃபோல்டரை அவன் திறக்கப் பார்த்தால், உனக்கு அனுமதி இல்லை என்று விண்டோஸ் சொல்லும். அதே பெட்டியில் 'கண்டினியூ' என்று ஒரு பட்டனும் வைத்திருக்கும். அழுத்தினால் அனுமதி கிடைத்துவிடும், அதுவும் நிரந்தரமாக. ஸ்டாண்டர்டு யூசர் அதே பட்டனை அழுத்தினால் அட்மினின் பின்னோ பாஸ்வேர்டோ கேட்கும், அங்கேயே நின்றுவிடும். அவனுக்கு ஏதாவது சாஃப்ட்வேர் போட வேண்டியிருந்தாலும் அதே கேள்வி வரும். அப்போது நீங்கள் போய் அடித்துக் கொடுங்கள், பின்னை வாயால் சொல்லாதீர்கள்.

உங்கள் அக்கவுன்ட்டுக்குப் பின் நம்பரோ பாஸ்வேர்டோ இல்லை என்றால் மேலே சொன்ன எல்லாம் வீண். லாகின் திரையில் உங்கள் பெயரைத் தொட்டு உள்ளே வந்துவிடுவான். பிறந்த வருடத்தை வைக்காதீர்கள், வருகிறவன் சொந்தக்காரன்.

சரி, எல்லோரும் விழும் பள்ளம் இனிமேல்தான். நம்மூரில் லேப்டாப் வாங்கினால் கடைக்காரர் ஹார்டு டிஸ்க்கை சி, டி, இ என்று பிரித்துக் கொடுப்பது வழக்கம். "முக்கியமானதை டி-ல போடுங்க சார், விண்டோஸ் போனாலும் அது போகாது" என்று ஒரு வாக்கும் கொடுப்பார். நாமும் அப்படியே செய்வோம். ஆனால் விண்டோஸ் காவல் காப்பது சி டிரைவில் 'யூசர்ஸ்' ஃபோல்டருக்குள் உங்கள் பெயரில் இருக்கும் ஃபோல்டரை மட்டும்தான். டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ், பிக்சர்ஸ் எல்லாம் அதற்குள் வரும். டி டிரைவ் பொதுச் சொத்து. புது அக்கவுன்ட்டிலிருந்தும் அதைத் திறக்கலாம், படிக்கலாம், பெரும்பாலும் அழிக்கவும் முடியும். சி டிரைவிலேயே வெளியில், நேராக 'சி-யில் ஒரு ஃபோல்டர்' என்று போட்டு வைத்ததையும் மற்ற அக்கவுன்ட்டில் படிக்கலாம். தனி லாகின் போட்டாயிற்று என்று நிம்மதியாக இருப்பீர்கள், அவன் 'திஸ் பிசி' போய் டி-யைத் திறந்தால் வீட்டுக் கடன் காகிதம் முதல் வரிசையிலேயே இருக்கும்.

இதற்கு எளிய வழி, அந்தரங்கமானதை மட்டும் டி-யிலிருந்து எடுத்து உங்கள் டாக்குமென்ட்ஸுக்குள் நகர்த்துவது. வேறு டிரைவிலிருந்து நகர்த்தும்போது ஃபைல் புது இடத்தின் அனுமதிகளை எடுத்துக்கொள்ளும், தனியாக எதையும் மாற்ற வேண்டாம். புராப்பர்டீஸில் 'செக்யூரிட்டி' போய் அனுமதிகளை மாற்றியும் செய்யலாம்தான். ஆனால் அங்கே கைவைத்துத் தன் ஃபோல்டரையே தனக்குத் திறக்காமல் செய்துகொண்டு என்னிடம் வந்தவர்கள் உண்டு. நகர்த்துவதே மேல்.

லினக்ஸ்காரர்களுக்கு ஒரு வரி: உபுண்டுவில் 21.04 பதிப்புக்கு முன்பு ஹோம் ஃபோல்டரை மெஷினில் உள்ள மற்ற யூசர்கள் படிக்கலாம் என்பதே இயல்பான அமைப்பு. பழைய பதிப்பை அப்படியே மேம்படுத்திக்கொண்டு வந்தவர்கள் ஒருமுறை பார்த்துவிடுங்கள். மேக்கில் 'கெஸ்ட் யூசர்' இன்னும் இருக்கிறது. லாக்-அவுட் செய்ததும் விருந்தாளி செய்த எல்லாம் அழிந்துவிடும். இரண்டு வார புராஜெக்ட்டுக்கு அது ஆகாது, அரை மணி நேரத்துக்கு அருமை.

அத்தை மகன் கெட்டிக்காரனாக இருந்து, பென் டிரைவில் லினக்ஸ் போட்டு அதிலிருந்து பூட் செய்தால்? லினக்ஸிலிருந்து பார்த்தால் விண்டோஸின் அனுமதிகள் எதுவும் தடுக்காது, எல்லா ஃபைலும் விரிந்து கிடக்கும். பள்ளி மாணவர்களுக்குத் தமிழக அரசு கொடுத்த விலையில்லா லேப்டாப்களில் விண்டோஸும் பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தன. லினக்ஸ் பக்கம் போய் விண்டோஸ் டிரைவைத் திறந்து பார்த்த பிள்ளைகளுக்கு இது நன்றாகவே தெரியும். இதற்கு மருந்து டிஸ்க்கையே என்கிரிப்ட் செய்வது, அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி உருமாற்றி வைப்பது. ஹோம் பதிப்பில் 'டிவைஸ் என்கிரிப்ஷன்' என்ற பெயரில் 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி' பகுதியில் இருக்கும். இரண்டு மூன்று வருடத்துக்குள் வாங்கிய லேப்டாப்பாக இருந்து, மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்டில் லாகின் செய்திருந்தால், ஏற்கெனவே ஆன் ஆகியிருக்கவும் கூடும். பூட்டு மாட்டிக்கொண்டால் திறப்பதற்கான ரிகவரி கீ 48 இலக்கம். அது எங்கே சேவ் ஆகியிருக்கிறது என்பதை இன்றைக்கே பார்த்துவிடுங்கள், மெஷின் கேட்கும் நாளில் தேடக் கூடாது. ஒன்று மட்டும்: இந்தப் பூட்டு மெஷின் அணைந்திருக்கும்போதுதான் பூட்டு. நீங்கள் லாகின் செய்து திறந்த லேப்டாப்பை அவன் கையில் கொடுத்தால், என்கிரிப்ட் ஆன டிஸ்க்கும் ஒன்றுதான், ஆகாத டிஸ்க்கும் ஒன்றுதான்.

சொந்தப் படங்கள், மருத்துவ ரிப்போர்ட் போன்ற சிலவற்றை மட்டும் இன்னொரு பூட்டுக்குள் வைக்க வேண்டும் என்றால் வெராகிரிப்ட். 2014-ல் ட்ரூகிரிப்ட் என்ற பழைய என்கிரிப்ஷன் சாஃப்ட்வேர் திடீரென்று கடையைக் கட்டியபோது அதன் இடத்துக்கு வந்தது, இலவசம். ஒரு பெரிய ஃபைலை உருவாக்கும். பாஸ்வேர்டு கொடுத்தால் அது தனி டிரைவாகத் திறக்கும், வேலை முடிந்ததும் மூடிவிட்டால் வெறும் குப்பை எண்களாகக் கிடக்கும். மூடிவிட்டால் என்பதுதான் முக்கியம். திறந்த நிலையிலேயே விட்டுவிட்டு 'ஸ்விட்ச் யூசர்' செய்து அவனுக்குக் கொடுத்தால், அவன் லாகினிலும் அந்த டிரைவ் தெரியும். பலருக்கு இது தெரியாது. பாஸ்வேர்டு மறந்தால் மீட்பு கிடையாது, எந்தக் கடையிலும் கிடையாது. ஒரு தாளில் எழுதி வீட்டுப் பத்திரம் இருக்கும் பீரோவில் வையுங்கள். வீட்டுக்குள் திருடன் வந்தால் அவன் தேடுவது அதை அல்ல.

இவ்வளவு வேண்டாம், பத்து ஃபைல்தான் என்றால், ஃபைல்களைச் சுருக்கி ஒன்றாகக் கட்டும் செவன்-ஜிப் சாஃப்ட்வேர் போதும். ஆனால் ஃபைலை ஜிப் வடிவில் பாஸ்வேர்டு போட்டால் உள்ளே இருப்பது பூட்டப்படுமே தவிர, பெயர்ப் பட்டியல் அப்படியே தெரியும். 'ரிசிக்னேஷன் லெட்டர்' கதையை மறந்துவிடாதீர்கள். செவன்-இசட் வடிவைத் தேர்ந்தெடுத்தால் 'என்கிரிப்ட் ஃபைல் நேம்ஸ்' என்று ஒரு டிக் இருக்கும், அதைப் போடுங்கள். போட்ட பிறகு ஒரிஜினல் ஃபைல்களை அழியுங்கள், ரீசைக்கிள் பின்னையும் காலி செய்யுங்கள். பூட்டிய பெட்டியையும், அதற்குள் வைத்த அதே சாமான்களின் இன்னொரு செட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருப்பவர்களை வாரம் தவறாமல் பார்க்கிறேன்.

பிடிஎஃப்-க்குத்தான் ஏற்கெனவே பாஸ்வேர்டு இருக்கிறதே என்று இருந்துவிடாதீர்கள். இ-ஆதாரின் பாஸ்வேர்டு பெயரின் முதல் நாலு எழுத்தும் பிறந்த வருடமும். தெருவில் போகிறவனை அது தடுக்கும். அத்தை மகனுக்கு உங்கள் பெயரும் தெரியும், வயதும் தெரியும். வங்கி ஸ்டேட்மென்ட்டுகளிலும் பலவற்றின் பாஸ்வேர்டு இதே ஜாதிதான்.

மைக்ரோசாஃப்ட்டின் ஆன்லைன் சேமிப்பான ஒன்டிரைவில் 'பெர்சனல் வால்ட்' இருக்கிறதே என்பார்கள். நல்லதுதான், லேப்டாப்பில் 20 நிமிடம் தொடாமல் இருந்தால் தானே பூட்டிக்கொள்ளும். காசு கட்டாதவர்களுக்கு அதில் மூன்று ஃபைல்தான் வைக்கலாம். பாஸ்போர்ட், பான், ஆதார் வைத்தால் நிறைந்துவிடும்.

ஐந்து நிமிடம் டிக்கெட் போட, ரிசல்ட் பார்க்க என்று கேட்பவர்களுக்கு இந்த ஏற்பாடெல்லாம் தேவையில்லை. குரோமில் உங்கள் புரொஃபைல் படத்தைத் தொட்டால் 'கெஸ்ட்' இருக்கும், அந்த விண்டோவைத் திறந்து கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே காபி குடியுங்கள்.

கடையில் ரிப்பேருக்குக் கொடுப்பது வேறு கணக்கு. அங்கே தனி லாகின் உதவாது, டிஸ்க்கே அவர்கள் கையில் இருக்கும், பாஸ்வேர்டையும் எழுதி வாங்கிக்கொள்வார்கள். கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2022-ல் சோதனைக்காகக் கடைகளில் லேப்டாப்களைக் கொடுத்து, உள்ளே நடப்பதைப் பதிவு செய்தார்கள். ஆறு இடங்களில் சொந்த ஃபைல்களைத் திறந்து பார்த்திருந்தார்கள், இரண்டு இடங்களில் நகலே எடுத்திருந்தார்கள். முடிந்தால் டிஸ்க்கைக் கழற்றிக்கொண்டு கொடுங்கள். கீபோர்டு மாற்ற டிஸ்க் எதற்கு?

அலுவலகம் கொடுத்த லேப்டாப் என்றால் இந்தப் பதில் பொருந்தாது. அது உங்கள் மெஷினே இல்லை. உள்ளே சொந்தப் படத்தை வைத்ததும் தப்பு, அத்தை மகனுக்குக் கொடுப்பதும் தப்பு. சிஸ்டம் அட்மினாகச் சொல்கிறேன்.

அத்தை மகன் மனசு கோணாதா என்று ஒரு கவலை கேள்வியிலேயே தெரிந்தது. எனக்கு நேர்மாறாகத்தான் நடந்திருக்கிறது. "இரு, கொஞ்சம் க்ளீன் பண்ணித் தரேன்" என்று சொல்லி அரை மணி நேரம் லேப்டாப்போடு அறைக்குள் போவதுதான் சந்தேகத்தைக் கிளப்பும். "உனக்குத் தனி லாகின் போட்டு வெச்சிருக்கேன்டா, வால்பேப்பர்கூட நீயே மாத்திக்கோ" என்றால் முகம் மலர்ந்துவிடுகிறது. வருகிறவனுக்குத் தனி அறை ஒழித்துக் கொடுத்த மாதிரி.

அவன் வந்து இறங்குவதற்கு முந்தைய நாள் ராத்திரி ஒன்று செய்யுங்கள். அவன் லாகினில் நீங்களே போய் உட்காருங்கள். ஸ்டார்ட் மெனுவில் உங்கள் பான் ஃபைலின் பெயரை அடித்துப் பாருங்கள். டி டிரைவைத் திறந்து ஒவ்வொரு ஃபோல்டராக எட்டிப் பாருங்கள். சி-யில் யூசர்ஸ் போய் உங்கள் பெயரைத் தொடுங்கள், அட்மின் பாஸ்வேர்டு கேட்கும் பெட்டி வந்தால் சரியாக இருக்கிறது. 'கேன்சல்' கொடுத்துவிட்டு வெளியே வாருங்கள்.

அவன் கிளம்பும்போது புராஜெக்ட்டைப் பென் டிரைவில் எடுத்துக்கொண்டானா என்று கேட்டுக்கொண்டு, அப்புறம்தான் அக்கவுன்ட்டை நீக்க வேண்டும். நீக்கும்போது அவன் ஃபைல்களும் சேர்ந்து போய்விடும். அடுத்த செமஸ்டருக்கும் வருவான் என்றால் நீக்கவே வேண்டாம், கிடக்கட்டும்.